உறைக்குள் இருந்த திறப்பு

அவரை எனக்குப் பிடிக்கவில்லை. வந்த அன்றே பிடிக்கவில்லை. அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது, இன்னும் பிடிக்கவில்லை. நியாயமாக எழுதவேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் பழைய கோபம் வந்துவிட்டது. வரட்டும்.

முதல் நாள் என் அறைக்குள் வந்தவர் வணக்கம் சொல்லவில்லை. நேரே யன்னலடிக்குப் போய்க் கொளுக்கியை அசைத்துப் பார்த்தார். பிறகு அலுமாரிக் கதவை இழுத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பி, பின்னேரம் போகும்போது இதெல்லாம் அடைத்துவிட்டுத்தான் போகிறேனா என்று கேட்டார். ஐம்பது வயதிருக்கும். நெஞ்சுப் பையில் இரண்டு பேனை, இரண்டுக்கும் மூடி. ஒரு வரி எழுதி அடுத்த வரியை யோசிக்கும் இடைவெளியில்கூட மூடியைப் போட்டுவிடுவார் என்பதைப் பிறகு கண்டேன்.

வேலணையில் உள்ள ஒரு தர்ம மருத்துவ நிலையத்தில் நான் பதிவுப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் சேர்ந்து நடத்தும் நிலையம். தலைமை இடமும் ஆய்வுகூடமும் வேலணையில். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு மூன்றிலும் சிறிய கிளைகள். கிளைகளில் எடுக்கிற இரத்தம் பெட்டியில் படகேறி, பஸ் ஏறி எங்களிடம் வரும். முடிவு கணினி வழியாகத் திரும்பிப் போகும். பதிவுக்கு ஒரு மென்பொருள், ஆய்வுகூடத்துக்கு வேறொன்று, மருந்தகத்துக்கு இன்னொன்று. ஒன்று சொல்வது மற்றதுக்கு விளங்காது. நடுவில் நின்று எடுத்துக் கொடுக்க ஒரு இடைமென்பொருள் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் வைத்திருக்கும் சாமான். யாரோ கனடாவிலிருந்து பேசி எங்களுக்கு எடுத்துத் தந்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அவரை எடுத்தார்கள்.

"அடைச்சாச்சோ?" இதுதான் அவருடைய சொல். கதவையும் கேட்பார், தண்ணீர்க் குழாயையும் கேட்பார், கணினியையும் கேட்பார். ஓம் என்று சொன்னால் நம்பமாட்டார். போய் இழுத்துப் பார்ப்பார். பூட்டை மூன்று தரம் இழுப்பார். மதிலுக்குள் நிறுத்திய மோட்டார் சைக்கிளுக்கும் சங்கிலி போடுவார். அவருடைய சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டு றப்பர் வளையம் இருக்கும். மருந்தகத்தில் இருந்தவர்கள் அவருக்குத் திறப்புக்கோர்வை, அதாவது சாவிக்கொத்து, என்று பெயர் வைத்தார்கள். அவர் வரும்போது, "வாயை அடையுங்கோ, திறப்புக்கோர்வை வருது" என்பார்கள். அது அவருக்குக் கேட்டிருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியாது. அதுவும் அடைத்த முகம்தான்.

அவருடைய குடும்பம் தெற்கில் கடை வைத்திருந்ததாம். கலவரத்தில் முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவை மறந்துபோனார்களாம். அப்போது அவருக்குப் பத்து வயது. இதை எனக்குச் சொன்ன ஊர்க்காரர் என்னை இரங்கவைக்கத்தான் சொன்னார். ஊரில் பாதிப்பேருக்கு அப்படி ஒரு கதை இருக்கிறது. எல்லாரும் அடுத்தவன் அலுமாரியை இழுத்துப் பார்த்துக்கொண்டு திரியவில்லை.

எனக்கு ஒரே மகள். பத்தொன்பது வயதில் கொழும்பில் அவளுக்கு இருதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அமைதியான அறையில் பக்கத்தில் இருந்தால் மணிக்கூட்டுச் சத்தம் போல அது கேட்கும். வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடவேண்டும். மாதம் ஒருமுறை சோதித்து, வருகிற எண்ணைப் பார்த்து வைத்தியர் அளவைச் சொல்லுவார். எண் கூடினால் எங்காவது இரத்தம் கசியும், குளிசையை நிறுத்தவேண்டும். குறைந்தால் வால்வில் கட்டிபடும், குளிசையைக் கூட்டவேண்டும். மாறிச் செய்தால் என்ன ஆகும் என்று அந்த வைத்தியர் என்னை இருத்தி வைத்துச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. அவள் படித்து விஞ்ஞான ஆசிரியையாகி நெடுந்தீவில் வேலை கிடைத்து அங்கேயே ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினாள். வேண்டாம் என்று நான் அழுதேன். போய்விட்டாள். நெடுந்தீவுக் கிளையில் அவளுடைய இரத்தம் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். நான் தினமும் காலையில் வேலைக்குப் போனதும் முதல் வேலையாக அவளுடைய பதிவைத் திறந்து பார்ப்பேன். மாதம் ஒருமுறைதான் புதிதாக ஏதும் இருக்கும். ஆனாலும் பார்ப்பேன்.

அவர் வந்து மூன்றாம் மாதம் ஒருநாள் அந்தப் பதிவு எனக்குத் திறக்கவில்லை.

போய்க் கேட்டேன். என் வேலைக்கு அது தேவையில்லை என்றார். நான் தாய் என்றேன்.

"ஓம். அது தெரியும்" என்றார். அவ்வளவுதான். பேனைக்கு மூடியைப் போட்டார்.

அடுத்து இரத்தக் குழாய்களில் பெயர் எழுதக்கூடாது என்றார். படகில் எத்தனை பேர் கை பட்டு வருகிறது, ஆரார் இரத்தம் என்று ஏன் ஊருக்குத் தெரியவேண்டும் என்பது அவருடைய நியாயம். எண் ஒட்டினார்கள். எந்த எண் எவருடையது என்பது அந்த இடைமென்பொருளுக்கு மட்டும் தெரியும். கிளைகளில் தாதிமார் எண்ணும் பெயரும் சேர்த்து எழுதி வைத்திருந்த கொப்பிகளைச் சேர்த்தெடுத்து, எங்கள் கண்முன்னே கத்தரிக்கோலால் வெட்டினார். தொலைபேசியில் ஒரு நோயாளியின் பெயரும் முடிவும் சேர்ந்து போகக்கூடாது என்று அறிவித்தல் ஒட்டினார். நான் ஆய்வுகூடப் பெண்ணிடம் நைசாகக் கேட்டு அறியலாம் என்று வைத்திருந்த வழியும் அதோடு போயிற்று. மகளிடம் கேட்டால், "நல்லாயிருக்கம்மா" என்பாள். எந்த மாதம் கேட்டாலும் அதே சொல்.

அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் நான் அப்போது மெச்சினேன். கணினி அறைத் திறப்பில் ஒன்றை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் தானும் கையெழுத்து வைத்து என்னையும் வைக்கச் சொன்னார். தான் இல்லாத நேரம் நெருப்பு, வெள்ளம் என்று வந்தால் உடைக்கவேண்டும். மற்றப்படி தொடக்கூடாது. என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். இத்தனை பேருக்குள் என்னை நம்பியிருக்கிறார் என்று ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

ஆடி மாதம். சோளகக் காற்று இரண்டு நாளாக வீசிக்கொண்டிருந்தது. நான் வேலைக்குப் போகும்போது அவர் கணினி அறை வாசலில் நின்று தொலைபேசியில் எதையோ திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். இடைமென்பொருளில் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்களாம். கடவுச்சொல் ஒன்றும் இல்லாமலே வெளியில் இருந்து எவரும் உள்ளே வந்து, தாங்கள்தான் வீட்டுக்காரர் என்று இருக்கலாமாம். செய்த கம்பனி ஆபத்தைப் பத்துக்குப் பத்து என்று போட்டிருந்தது. எங்களிடம் இருந்த பதிப்புக்குத் திருத்தம் பின்னேரம்தான் வரும். அதுவரை இணையத்தில் இருந்து கழற்றி வையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே உலகமெல்லாம் ஆரோ ஓட்டை தேடித் தட்டிக்கொண்டு போகிறார்கள் என்றும் எழுதியிருந்தார்கள்.

அவர் எவரையும் கேட்கவில்லை. நீலக் கம்பியைக் கழற்றிச் சுருட்டி மேலே வைத்தார். தீவுகளை இணைக்க எங்களுக்கென்று தனி வழி கிடையாது. எல்லாம் அந்த ஒரு கம்பியால் வெளியே போய்த்தான் திரும்பி வரும். நான்கு நிலையமும் அந்த நிமிடமே நின்றன.

சரியாக அந்த நேரம்தான் நெடுந்தீவில் படிப்பிக்கும் இன்னொரு ஆசிரியை, காலைப் படகில் லீவுக்கு வந்தவர், பல்லுக்கு மருந்தெடுக்க எங்கள் நிலையத்துக்கு வந்தார். என்னைக் கண்டதும், மகளுக்கு இரண்டு நாளாகப் பல் முரசில் இரத்தம் வருகிறதாமே, எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அவள் எனக்குச் சொல்லவில்லை.

அவளுடைய மாதச் சோதனைக்குரிய நெடுந்தீவுப் பெட்டி முதல்நாள் வந்து சேர்ந்திருந்தது என்று ஆய்வுகூடத்தில் அறிந்தேன். இயந்திரம் சோதித்து முடித்துவிட்டது. கடதாசித் துண்டில் நெடுந்தீவில் இருந்து வந்த பன்னிரண்டு குழாய்க்கும் பன்னிரண்டு முடிவு. பன்னிரண்டு எண், ஒரு பெயரும் இல்லை. முடிவுகளில் ஒன்று நாலு தசம் எட்டு. இன்னொன்று ஒன்று தசம் நாலு. ஒன்று மிகக் கூட, ஒன்று மிகக் குறைவு. முரசு பல்நோயாலும் கசியும், அதை மட்டும் நம்பிக் குளிசையை நிறுத்தச் சொல்ல முடியாது. என் பிள்ளை எது?

அவரிடம் ஓடினேன். ஐந்து நிமிடம் கம்பியைக் கொழுவினால் முடிவு நெடுந்தீவுக்குப் போய்விடும், தாதி அவளுக்குச் சொல்லுவா என்றேன். ஏலாது என்றார். நான் கையைக் கும்பிட்டேன். ஒரு அலுவலகத்தில், எல்லாரும் பார்க்க, நாற்பத்தொன்பது வயதில்.

"அண்ணை, என்ரை பிள்ளையின்ரை உயிர்."

"இஞ்சை எல்லாற்றை பிள்ளையளும் இருக்கு" என்றார். "கம்பி கொழுவ ஏலாது. நான் நெடுந்தீவுக்குப் போறன்."

ஆய்வுகூடத்துக்குப் போய் அந்தக் கடதாசித் துண்டைப் பிரதி எடுத்து நாலாக மடித்து நெஞ்சுப் பையில் வைத்தார். அது எதுக்கு என்று கேட்டேன். "வேலைக்கு" என்றார். பிறகு மோட்டார் சைக்கிளின் சங்கிலியைக் கழற்றிக் குறிகாட்டுவான் துறைக்குப் போய்விட்டார். அங்கே இருக்கிற கணினியையும் பூட்டப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். இவருக்குப் பூட்ட இன்னும் ஒரு கதவு இருக்கிறது, அதுக்காகக் கடலும் கடப்பார் என்று மருந்தகத்தில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளுக்கு எடுத்தேன். பள்ளிக்கூட நேரம், பதிலில்லை. பாடசாலைத் தொலைபேசியும் காற்றோடு வேலை செய்யவில்லை. நெடுந்தீவுத் தாதிக்கு எடுத்தேன். அவவுக்கு எந்த எண் எவருடையது என்று ஏதும் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "கம்ப்யூட்டர் வேலை செய்யேல்லை அக்கா, எனக்கொண்டும் தெரியாது" என்றா. நிலைய வைத்தியருக்கும் எடுத்தேன், அவர் அன்று யாழ்ப்பாணத்தில் இருந்தார். எந்த முடிவு அவளுடையது என்று தெரியாமல் தான் ஒன்றும் சொல்ல ஏலாது என்றார், அது நியாயம்தான்.

பத்து மணியில் இருந்து பதினொன்றரை வரை இருந்தேன். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் என் பிள்ளை கரும்பலகைக்கு முன்னால் விழுவதை எத்தனை தரம் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பிறகு லாச்சியைத் திறந்து உறையைக் கிழித்தேன். அவருடைய கையெழுத்து ஒரு பாதியிலும் என்னுடையது மறுபாதியிலும் போயிற்று. கணினி அறைக்குள் போய், நீலக் கம்பியை எடுத்து, அவர் கழற்றிய துளையில் கொழுவினேன். பச்சை வெளிச்சம் வந்தது. முடிவுகள் போய்ச் சேர்ந்தன என்று ஆய்வுகூடத் திரையில் பார்த்தபிறகு கழற்றினேன். பதினொரு நிமிடம்.

பன்னிரண்டரைக்கு மகள் எடுத்தாள். "அம்மா, ஏன் இத்தினை தரம் எடுத்தனீங்கள்? நல்லாயிருக்கு" என்றாள். நான் செய்தது சரி என்று எனக்கு உறுதியாயிற்று. பின்னேரம் அவர் திரும்பி வந்து திருத்தத்தைப் போட்டு, கம்பியைக் கொழுவி, எல்லாம் வேலை செய்தது. நான் உறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தநாள் காலை நான்கு நிலையத்திலும் திரையில் ஒரே ஆங்கில வசனம். உங்கள் கோப்புகள் எங்களிடம் இருக்கின்றன என்று.

அவர் கத்தவில்லை. கணினி அறைக்குள் போய் இருந்து, எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தால் வந்தார்கள் என்று பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்து கையை நீட்டினார். நான் கிழிந்த உறையையும் திறப்பையும் கொடுத்தேன். கிழிந்த இரண்டு பாதியையும் பொருத்தி வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைப் பிரதி ஒன்றைத் தனியே பூட்டி வைத்திருந்தபடியால் பதிவுகளைத் திருப்பி எடுத்தார். அந்தக் கிழமை எடுத்த இரத்தமெல்லாம் வீண். நயினாதீவுக் கிளை இயங்காமல், அங்கிருந்த கிழவர்கள் மறுபடி இரத்தம் கொடுக்கப் படகேறி எங்களிடம் வந்தார்கள். ஆனால் அந்தக் கள்ளர் கொண்டுபோன பிரதி போனதுதான். அது எவர் கையில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் என் யன்னலடிக்கு வந்தாள். கலியாணமாகி ஒரு வருடம். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எங்களிடம் மருந்தெடுப்பவள். பின்னால் எவரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டாள்.

"அக்கா, என்ரை பேரும் வெளியாலை போயிட்டுதோ?"

தெரியாது என்றேன். அவள் கொஞ்ச நேரம் யன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மருந்தெடுக்காமல் போனாள். பிறகு வரவேயில்லை. என்னை இன்னும் உலுப்புவது அந்த வசனம்தான்.

விசாரணைக்கு நிர்வாகத்தினர் வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் திரையில் இருந்தார்கள். அவர் எழுந்து நேரங்களை வாசித்தார். பதினொன்று முப்பத்திரண்டுக்குக் கம்பி கொழுவப்பட்டது. கொழுவியவர் என்று என் முழுப்பெயர். பதினொன்று நாற்பத்துமூன்றுக்குக் கழற்றப்பட்டது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பிள்ளைக்காகப் பதறிவிட்டா என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

அங்கேதான் எனக்கு மற்றது தெரியவந்தது. நெடுந்தீவுத் தாதியை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டபோது அவ அழுதுகொண்டு சொன்னா. அவ கொப்பி எழுதுவதை நிறுத்தவேயில்லையாம். மருந்துப் பெட்டிக்குக் கீழே வைத்து எண்ணும் பெயரும் எழுதி வந்திருக்கிறா. அவருக்குத் தெரியவந்தால் வேலை போய்விடும் என்று பயந்துதான் அன்றைக்கு என்னிடம் தெரியாது என்றாவாம். அன்றைக்கு அவர் படகால் இறங்கி, சட்டை முழுக்க உப்புத் தண்ணீரோடு நேரே உள்ளே வந்து, "அந்தக் கொப்பியை எடுங்கோ பிள்ளை" என்றாராம். அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது. துண்டையும் கொப்பியையும் வைத்துப் பன்னிரண்டு பேரையும் பொருத்தி, எண்ணை மட்டும் வைத்தியருக்குச் சொல்லி அளவு கேட்டு, பன்னிரண்டு பேருக்கும் ஆளனுப்பிச் சொல்லுவித்திருக்கிறார். கணினியை நிறுத்த அவர் போகவேண்டியதே இல்லை. தாதியிடம் சொன்னால் ஒரு நிமிட வேலை. அந்தக் காற்றில் அவர் போனது துண்டுக்காகத்தான். நாலு தசம் எட்டு என் மகள். இரண்டு நாள் குளிசை நிறுத்தச் சொல்லி அவளிடம் பதினொன்றேகாலுக்கே சொல்லியாயிற்று. நான் உறையைக் கிழிக்கும் முன்னமே.

இதைக் கேட்டு அவர்மேல் மரியாதை வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு வந்தது வேறு. கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டேன். துண்டைப் பையில் வைக்கும்போது ஒரு சொல் சொல்லியிருந்தால், நெடுந்தீவில் நின்று ஒரு தரம் எடுத்திருந்தால், இது நடந்திருக்குமா என்று கேட்டேன். நிர்வாகத்தினரும் அதையே கேட்டார்கள். தாய்க்கு ஏன் சொல்லவில்லை?

"சொல்ல ஏலாது" என்றார்.

காரணம் கேட்டார்கள். அதுவும் சொல்ல ஏலாது என்றார். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டதற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னைப் பதிவில் இருந்து எடுத்து உடுப்பு, பாத்திரக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். போகிற அன்று அவர் பேனை இரண்டுக்கும் மூடியைப் போட்டு நெஞ்சுப் பையில் வைத்தார். வெளிக் கதவைச் சாத்தி மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த மாதக் கடைசியில் மகள் வீட்டுக்கு வந்தாள். மத்தியானம், குசினியில். நான் அவரைத் திட்டிக்கொண்டே கறி கூட்டினேன். என் பதிவைப் பூட்டினவன், வாயைப் பூட்டினவன், ஒரு தாய்க்குச் சொல்ல மனம் வராதவன் என்று. அவள் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவரைப் பேசாதேங்கோ. நான்தான் எழுதிக் குடுத்தனான்."

என்ன எழுதிக் கொடுத்தாய் என்றேன்.

"என்ரை முடிவுகளை உங்களுக்குக் காட்டக்கூடாது, சொல்லக்கூடாது எண்டு. அவர் வந்த புதுசிலை. நீங்கள் ஒவ்வொரு நாளும் திறந்து பாக்கிறது எனக்குத் தெரியும். எனக்கு மூச்சு முட்டினது அம்மா. நான் எழுதிக் குடுத்ததையும் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு கேட்டனான்."

நான் அகப்பையைக் கீழே வைத்தேன். அடுப்பில் வதங்கிக்கொண்டிருந்த வெங்காயம் கருகியது. அந்த அமைதியில் அவளுடைய நெஞ்சின் சத்தம் எனக்குக் கேட்டது.

அப்படியானால் அவர் அந்தக் கூட்டத்தில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகவும் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. என் மகள் எனக்குச் சொல்லாத ஒன்றை ஒரு அந்நியன் பத்து மாதம் நெஞ்சுப் பையில் மூடி போட்டு வைத்திருந்தான் என்பதை எந்தத் தாயால் பொறுக்க முடியும்?

இப்போது மகள் மாதம் ஒருமுறை தானாகவே எனக்கு ஒரு செய்தி அனுப்புகிறாள். குசினியில் அன்றைக்கு நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. எண் மட்டும். பெயரில்லை, வேறு சொல்லில்லை. நான் திரும்பக் கேள்வி கேட்கக்கூடாது.

போன மாதம் மூன்று தசம் ஆறு வந்தது. கொஞ்சம் கூட. முரசு எப்படி இருக்கிறது என்று எழுதினேன். குளிசை குறைக்கச் சொன்னார்களா என்று எழுதினேன். இரண்டையும் அழித்தேன். தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.